புள்ளி இல்லாத கணக்குகள்

"ஜி?"

"பத்து."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டா?"

"பத்து. செத்து எரிச்ச பிறகு சாம்பல்கிட்ட கேட்டாலும் பத்து. போதுமாடா வாத்தி?"

தேர்வு மையத்தின் வாசலில் அக்கா சிரித்தாள். முப்பத்தைந்து வயது முடிய இன்னும் நாற்பது நாள். நகத்தடியில் கிரீஸ் கறுப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு அது.

"முதல் பக்கம்?" என்றான் தம்பி.

"அறிவுரைப் பக்கம். படிக்காம டிக் அடிச்சுட்டு உள்ள போறது. நாலு நிமிஷம் மிச்சம்."

"கடைசிக் கணக்கு?"

"எது புடிச்ச கணக்கோ அது கடைசில. டேய், முகத்தைப் பாரு! பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாப்பிள்ளை மாதிரி. பரீட்சை எனக்கா, உனக்கா?"

சட்டைப் பையில் செருகியிருந்த நீலப் பேனாவைத் தட்டிக் காட்டினாள். வேலை செய்யும் கம்பெனியின் ஃபோர்மேன் கொடுத்தது. "பாஸாயிட்டு வா, இதுலதான் நீ கையெழுத்துப் போடணும்"னு சொல்லிக் கொடுத்தாராம். கைப்பேசியை அணைத்தாள். உள்ளே லாக்கரில் வைத்துவிட வேண்டும். நுழைவுச் சீட்டால் அவன் தலையில் ஒரு தட்டு. போய்விட்டாள்.

மணி ஒன்பதே கால்.

தம்பிக்கு வாத்தியார் என்பது பட்டப்பெயர்தான். எந்தப் பள்ளியிலும் அவன் சாக்பீஸ் பிடித்ததில்லை. பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மீதி நேரத்தில் இணையத்தில் 'விசை வீடு' நடத்துகிறவன். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் இயந்திரவியல் மட்டும். ஆயிரத்து இருநூறு கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் கையால் வரைந்த படம், மூன்று நிமிட வீடியோ, கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு. எல்லாம் இலவசம். பதினோராயிரம் பேர் அதில்தான் திருப்பிப் படிக்கிறார்கள்.

ஆனால் அது தொடங்கப்பட்டது ஒரே ஒருத்திக்காக.

அக்கா ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் பதினோரு வருடமாக ஹெல்ப்பர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வாள். பள்ளத்தில் இறங்குவாள், கயிற்றை அளப்பாள், பிரேக்கைக் கழற்றிப் பூட்டுவாள். எல்லாம் முடிந்ததும் டெக்னீஷியன் ஒருவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து ஆய்வு அட்டையில் கையெழுத்துப் போடுவான். காரணம், பன்னிரண்டாம் வகுப்பில் அவள் இயற்பியலில் விழுந்தவள். இப்போது நிறுவனம் முடிவாகச் சொல்லிவிட்டது. மாதக் கடைசியோடு ஹெல்ப்பர் என்ற வேலையே கிடையாது. இயற்பியல் தேறியவர்கள் டெக்னீஷியன். தேறாதவர்கள் வீடு. முப்பத்தைந்துக்கு மேல் டெக்னீஷியன் பயிற்சியிலும் சேர முடியாது.

மூன்று வருடம் முன்னால் ஒருமுறை எழுதித் தோற்றாள். அன்று சொன்னாள்: "எனக்கு எல்லாம் புரியுதுடா. அந்தப் புள்ளி வந்தாத்தான் தலை சுத்துது. ஒன்பது புள்ளி எட்டால பெருக்குன்னா கை நடுங்குது."

"சரி, புள்ளியே வேணாம்," என்றான் தம்பி.

அப்படிப் பிறந்ததுதான் விசை வீடு. ஜி என்கிற புவியீர்ப்பு முடுக்கம் பத்து. விழும் கல், வழுக்கும் பெட்டி, கப்பியில் தொங்கும் எடை எல்லாவற்றுக்கும் முழு எண்தான் விடை வரும்படி அவனே கணக்குகளைச் செதுக்கினான். பழைய தேர்வில் நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பத்து போட்டாலும் அதற்கு நெருங்கிய விடை சரியாகவே இருக்கும். எவனுக்கும் குறை வரவில்லை.

இந்த வருடம் முறை மாறியது. விடைகளைக் கொடுக்க மாட்டார்கள். கணினித் திரையில் ஒரு காலிக் கட்டம். எண்ணை நாமே தட்ட வேண்டும். வாத்தியார் உஷாராகத்தான் இருந்தான். வாரியத்தின் அறிவிப்பு வந்த அன்றே தன் மாதிரித் தேர்விலும் கட்டத்தை வைத்துவிட்டான்.

அறிவிப்பு நாற்பது பக்கம். அவன் படித்தது பதினொன்று.

எதிர்ப்பக்கத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து அவன் கைப்பேசியைத் திறந்தபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. வாசல் கதவு மூடி எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

தளத்தில் வாழ்த்துகள் குவிந்திருந்தன. நடுவில் ஒரு செய்தி. அனுப்பியவர் 'சந்தேகப் பிராணி'. அந்தப் பெயரில் ஒரு வாசகர். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர்.

"சார், கடைசியாக ஒரு தடவை. வாரிய அறிவிப்பு, முப்பத்தொன்றாம் பக்கம். தேர்விலும் முதல் திரையில் இதுதான் வரும். ஜி என்பது 9.8. விடை அரை சதவீதத்துக்கு மேல் விலகினால் மதிப்பெண் இல்லை. உங்கள் தளத்தில் எல்லாமே பத்து."

வாத்தியார் சிரிக்கப் போனான். சிரிப்பு பாதியில் நின்றது.

முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தான்.

இருந்தது. சூத்திரப் பட்டியலுக்கு மேலே, சின்ன எழுத்தில், ஒரே ஒரு வரி.

ஒன்பது புள்ளி எட்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதம். அனுமதி அரை சதவீதம். இதே ஆள் நான்கு மாதம் முன்பும் கேட்டிருந்தார். அதற்குத் தான் எழுதிய பதிலும் அங்கேயே கிடந்தது: "பத்து போட்டா பூமி கோவிச்சுக்காதுப்பா, தைரியமா போடு!" கீழே தொள்ளாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

இருபது கணக்கு. தேற பத்து சரியாக வேண்டும். இயந்திரவியலில் ஜி இல்லாத கணக்கு எத்தனை வரும்?

எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. சாலையைக் கடந்தபோது ஒரு வேன்காரன் அவன் வம்சத்தையே விசாரித்தான். காதில் விழவில்லை.

"கதவு மூடியாச்சு," என்றார் காவலாளி. நரைத்த மீசை. கையில் ஒரு தடிமனான பதிவேடு.

"நான் எழுத வரலை சார். உள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். ஒரே ஒரு விஷயம்."

"வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல சார். ஒரு எண்ணு. ஒன்பது புள்ளி எட்டு. அவ்வளவுதான்."

காவலாளி பதிவேட்டை மெதுவாக மூடினார். "தம்பி, இந்த வேலைல நான் பதினாலு வருஷம். சட்டைக்குள்ள பிட்டு வச்சவனைப் பாத்திருக்கேன். செருப்புக்குள்ள வச்சவனைப் பாத்திருக்கேன். வாசல்ல வந்து வாட்ச்மேன்கிட்டயே விடைய சொல்லி அனுப்பச் சொல்றவனை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"விடை இல்ல சார்! அது எல்லாருக்கும் பொதுவான எண்ணு. உள்ள திரையிலயே இருக்கு!"

"அங்கேயே இருந்தா நீ எதுக்குச் சொல்லணும்?"

வாத்தியார் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"சரி, யாருக்கு? பேரு, பதிவு எண்ணு சொல்லு. மேல ஆபீசருக்குப் போன் போடுறேன்."

வாயைத் திறந்தான். அப்போதுதான் காவலாளியின் தலைக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. பிழை திருத்தும் கண். காலம் கடந்து ஒழுங்காக வேலை செய்தது. 'வெளியிலிருந்து எண், எழுத்து, சைகை என எவ்வடிவில் தகவல் தரப்பட்டாலும், சம்பந்தப்பட்ட தேர்வர் மூன்று ஆண்டுகள் தேர்வெழுதத் தடை.'

அக்காவின் பதிவு எண் நாக்கு நுனி வரை வந்து நின்றது. விழுங்கினான்.

"சொல்லு தம்பி, யாரு?"

"யாரும் இல்ல."

"அப்படி வா வழிக்கு," என்றார் காவலாளி.

மணி ஒன்பது நாற்பத்தேழு. நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தளத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் திருத்தம் போட்டான். 'ஜி = 9.8. பத்து அல்ல. என் தவறு.' பார்த்தவர்கள் எண்ணிக்கை: பதினான்கு. பதினோராயிரத்தில் பதினான்கு. மற்றவர்களின் கைப்பேசிகள் அணைக்கப்பட்டு லாக்கர்களில் இருந்தன.

வாரியத்தின் உதவி எண்ணுக்கு அடித்தான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் பத்து நிமிடம் கொஞ்சியது. ஒன்பது ஐம்பத்தேழுக்கு ஓர் ஆள் வந்தார்.

"சார், அந்த எண்ணை ஒரு தடவை மைக்ல சொல்லச் சொல்லுங்க சார். எல்லா மையத்துலயும். நிறைய பேர் பத்துன்னு நினைச்சுட்டிருக்காங்க."

"முதல் திரையிலேயே இருக்கே சார். படிச்சேன்னு டிக் போட்டாத்தான் கேள்வியே வரும்."

"டிக் போட்டுடுவாங்க சார். படிக்க மாட்டாங்க."

"படிக்காம எவன் சார் டிக் போடுவான்?" என்று அந்த ஆள் நியாயமாகவே கேட்டார். "எந்த மடையன் அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பான்?"

பத்து மணி. உள்ளே மணி அடித்தது.

தேர்வறை நான்காவது மாடி. கண்ணாடி சன்னல்கள் மூடியிருந்தன. வாத்தியார் சாலை ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். திடீரென்று, தானே எதிர்பாராமல், தொண்டை கிழியக் கத்தினான்.

"ஒன்பது புள்ளி எட்டு!"

ஒரு சன்னலும் திறக்கவில்லை. காபிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், ஒரு காபிக்கு அந்த விலை இல்ல சார், வாங்க!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். காவலாளி தடியைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு முறை கத்தினால் தேர்வையே நிறுத்தி விசாரிப்பார்கள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டான்.

இனி இரண்டு மணி நேரம். செய்ய ஒன்றும் இல்லை.

கடை பெஞ்சில் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் ஃப்ளாஸ்க்.

"உங்க வீட்டுல யாரு எழுதுறா தம்பி?"

"அக்கா."

"என் பொண்ணு எழுதுறா. டியூஷனுக்கெல்லாம் அனுப்பலை. ஏதோ விசை வீடாம், போன்லயே படிச்சா. யாரோ ஒரு புண்ணியவான் சும்மாவே சொல்லித் தர்றாராம். முகத்தைக் காட்ட மாட்டாராம், கை மட்டும்தான் தெரியுமாம். நேர்ல பாத்தா அந்தக் கைய கண்ணுல ஒத்திக்கணும் தம்பி."

வாத்தியார் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா? வேர்த்துக் கொட்டுது."

"ஒண்ணும் இல்லம்மா."

"பயப்படாதீங்க. அக்கா நல்லா எழுதிடுவாங்க."

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. வாத்தியார் தரைத்தளக் கூடத்துக்குள் போய் லிஃப்ட் எதிரில் நின்றான். முதல் தடவை லிஃப்ட் வந்தபோது, அங்கே நின்ற ஃப்ளாஸ்க் அம்மாவிடம் அவர் பெண் துள்ளிக்கொண்டு ஓடினாள். "அம்மா, அப்படியே விசை வீடுதாம்மா! எல்லாம் முழு எண்ணு!"

இரண்டாம் தடவை அக்கா.

வெளியே வந்தவள் முதலில் அவனைப் பார்க்கவில்லை. மூடும் கதவைப் பார்த்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"கீழ் சட்டத்துல உரசுது. நம்ம கம்பெனி லிஃப்ட்டுதான்டா இது. எவன் பாத்தான்?" பக்கச் சுவரில் சட்டத்துக்குள் தொங்கிய ஆய்வு அட்டையில் விரலை வைத்தாள். மாத வாரியாகக் கட்டங்கள். "அடுத்த மாசம் இந்தக் கட்டத்துல யாரு கையெழுத்துத் தெரியுமா?" நீலப் பேனாவை எடுத்துக் காற்றில் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

"எப்படி எழுதின?"

"இருபதும் போட்டேன்டா. இருபதும்! ஒண்ணுல கூட புள்ளி வரலை. எல்லாம் முழுசு முழுசா, அப்படியே உன் கணக்கு மாதிரி. உக்காரு, ஒவ்வொண்ணா சொல்றேன்."

கூடத்தின் ஓரத்தில் நீள இருக்கை. வாத்தியார் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான். விரல்களை எண்ணத் தயாராக.

"ரெண்டு வண்டி மோதி ஒட்டிக்கிற கணக்கு."

ஜி இல்லை. ஒரு விரல் மடங்கியது.

"நாப்பத்தஞ்சு மீட்டர் உயரத்துலேர்ந்து கல்லு. மூணு வினாடி."

மூன்று புள்ளி பூஜ்யம் மூன்று. போச்சு.

"வேக வரைபடத்துல பரப்பு கண்டுபிடிக்கிறது. அப்புறம் சீசா பலகை, ரெண்டு பக்கமும் எடை வச்சு சமன் பண்றது."

இரண்டு விரல். சமன் செய்தால் ஜி இரு பக்கமும் அடிபட்டுப் போகும். மூன்று.

"உராய்வுல பெட்டி இழுக்கிறது. கப்பில ரெண்டு எடை. மேல எறிஞ்ச பந்து."

இல்லை. இல்லை. இல்லை.

"சாய்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கினா எந்தக் கோணத்துல கட்டை வழுக்கும்னு ஒண்ணு."

அதில் ஜி வரவே வராது. நான்கு. மட்டை பந்தை அடிக்கும் கணக்கு, ஐந்து. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல், மேசை மட்டத்தில்தானா? மேசை மட்டத்தில்தான். ஆறு.

"என்னடா பைக்குள்ள கைய விட்டுட்டு முணுமுணுக்கிற? ஜெபமா?"

"நீ சொல்லுக்கா."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஏழு. எட்டு. பதினெட்டாவது கேள்வியில் இரண்டு எறிதல்களின் தூரத்துக்கு விகிதம் கேட்டிருந்தார்கள். விகிதம்! ஜி அடிபட்டது. ஒன்பது. பத்தொன்பதாவது விழும் நீர்த்துளி. போச்சு.

ஒன்பது விரல் மடங்கிவிட்டது. இடது கையின் சுண்டு விரல் ஒன்றுதான் பாக்கி.

"பக்கத்துல ஒரு பொண்ணு பாவம்டா," என்றாள் அக்கா நடுவில். "முடியுறப்ப அழுதுட்டா. எது போட்டாலும் புள்ளியோட வருதுக்கா, எல்லாமே தப்பு போலன்னு. நான்தான் முதுகைத் தட்டிக் கொடுத்து, அடுத்த தடவை பாத்துக்கலாம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்தப் பெண் ஒன்பது புள்ளி எட்டு போட்டிருக்கிறாள் என்று வாத்தியாருக்குப் புரிந்தது.

"கடைசிக் கணக்கு எது?"

அக்கா இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அதைத்தான்டா கடைசிக்கு வச்சிருந்தேன். நம்ம லிஃப்ட்டு! ஐம்பது கிலோ ஆளு, லிஃப்ட்டு ரெண்டு முடுக்கத்துல மேல போகுது, தரை எவ்வளவு விசையில தாங்குது? கேள்வியப் படிக்கிறப்பவே முழங்கால்ல அந்த அமுக்கம் தெரிஞ்சுது. பத்தும் ரெண்டும் பன்னெண்டு, ஐம்பதால பெருக்கு. அறுநூறு! சொல்லு, சரிதானே?"

சுண்டு விரல் மடங்கவில்லை.

"சொல்லேன்டா."

"ஜி எவ்வளவு போட்டே?"

"என்ன கேள்வி இது? பத்து. நீதானே..." அவள் நிறுத்தினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருடமாகச் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிறவள். "என்னடா?"

கைப்பேசியில் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து நீட்டினான். அவள் ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது உள்ளயும் இருந்துச்சா?"

"முதல் திரையில."

"டிக் அடிக்கச் சொன்னியே, அந்தப் பக்கமா?"

தலையை ஆட்டினான்.

அக்கா நுழைவுச் சீட்டைத் திருப்பினாள். நீலப் பேனாவை எடுத்தாள். பதினொன்று புள்ளி எட்டு பெருக்கல் ஐம்பது. கை நடுங்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்துப் போட்டாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"பத்து நியூட்டன் வித்தியாசம்," என்றாள். "என் பையில இருக்கிற பெரிய ஸ்பானர் கனம்." சீட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "புள்ளி வச்சும் எனக்கு வருதுடா. பாரு. வருது."

"அக்கா..."

"எத்தனை சரியா இருக்கும்?"

"ஒன்பது."

லிஃப்ட் மறுபடி வந்து நின்றது. கதவு உரசித் திறந்தது, உரசி மூடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் புள்ளி வராதுன்னு நான்தானே சொன்னேன்," என்றாள். "நீ அதை நம்பிட்டே. இல்லை, வரும்னு ஒரு தடவை அடிச்சுச் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பதில் அவள் கத்தியிருக்கலாம். அறைந்திருக்கலாம். எழுந்து நின்றாள். லாக்கரிலிருந்து எடுத்த கைப்பேசியை இன்னும் உயிர்ப்பிக்கவில்லை. அப்படியே பைக்குள் போட்டாள். பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"ஃபோர்மேன்கிட்ட நீயே கொடுத்துடு. என்னால முடியாது."

"எங்கக்கா போற?"

"ரெண்டு மணி ஷிஃப்ட்டுடா. மாசம் முடியற வரைக்கும் நான் ஹெல்ப்பர்தானே?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள். காவலாளி அவளுக்கு வழிவிட்டு நின்றார்.

வாத்தியாரின் கைப்பேசி அதிரத் தொடங்கியது. லாக்கர்கள் எல்லாம் திறந்துவிட்டன போலும். நன்றி சார். இருபதும் முழு எண் சார். அப்படியே உங்க கணக்கு சார். நீங்க நல்லா இருக்கணும் சார். நூறு, இருநூறு, நானூறு. சிவப்பு எழுத்துத் திருத்தத்தை இவர்களில் இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவுடன் இதே வேகத்தில் வேறு செய்திகள் வரும்.

அவன் முதல் கணக்கைத் திறந்தான். மூன்று வருடம் முன்னால் அக்காவுக்காக எழுதிய முதல் கணக்கு. நாற்பத்தைந்து மீட்டர், ஒரு கல். பத்தை அழித்து 9.8 என்று தட்டினான். விடைக் கட்டத்தில் மூன்று என்பதை அழித்து 3.03 என்று மாற்றினான்.

சேமித்தான். இன்னும் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.